மன்னித்த மன்னரும் மன்னிப்பு வேண்டிய மன்னனும்

(தசலக்ஷணப் பெருவிழாவின் நிறைவில், க்ஷமாவணி நாளன்று நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தத்துவார்த்த சூத்திரம் எண்ணியுரைக்கும் பத்து அறங்களுள் தலையாயதாக வைக்கப்பெற்றது உத்தம க்ஷமை. பொறை என்பது வலியற்றவன் வேறு வழியின்றி வாய்மூடியிருத்தல் அன்று. திருப்பித் தாக்கும் ஆற்றல் கைக்குள் இருந்தும் உள்ளத்தில் வெகுளி எழாதிருத்தலே உத்தம க்ஷமை என்பர் பெரியோர். அவ்வாற்றல் மிகுதியும் உடையவன் படையும் கோட்டையும் கொண்ட அரசன். ஆகவே, தனக்கு எதிராக வாளெடுத்தவனை ஓர் அரசன் எவ்வாறு மன்னித்தான், அம்மன்னிப்பு என்ன பயன் தந்தது என்று பார்த்தால் க்ஷமையின் இயல்பு தெளிவாக விளங்கும். அதற்குரிய சான்றுகள் தொலைநாட்டு வரலாற்றில் இல்லை. இவ்வட்டாரத்துக் கோயிற் கற்களிலேயே வெட்டப்பட்டுள்ளன.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். நானூறு ஆண்டுகளை நெருங்கிய சோழப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் குலோத்துங்க சோழனின் இறுதிக் காலத்தில், 1216-இல் மதுரையில் முடிசூடிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோணாட்டின்மேல் படையெடுத்தான். தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. மாடங்களும் மண்டபங்களும் இடிந்தன. அந்த அழிவிலும், பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குச் சோழன் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு கூறுகிறது. புலவர்க்குரிய மண்டபத்தைக் காக்க வேண்டும் என்று எண்ணிய அரசன், அதனைச் சூழ்ந்திருந்த குடிமக்களின் வீடுகளைக் காக்க எண்ணவில்லை.

வென்ற பாண்டியன் பின்னர்த் தோற்ற சோழனை அழைத்து முடியையும் நாட்டையும் திருப்பியளித்தான். அதனாலேயே அவனுக்குச் 'சோணாடு வழங்கியருளிய சுந்தர பாண்டியன்' என்னும் பெயர் நிலைத்தது. 'வழங்கியருளிய' என்ற சொல்லை உற்று நோக்குதல் வேண்டும். கொடுத்ததைக் கொடுத்தவனே கல்லில் வெட்டிக்கொண்டான். ஒவ்வொரு சாசனத்தின் தலைப்பிலும் அதனை ஓதச் செய்தான். தலைமுறை தலைமுறையாகத் தனக்குரியதாய் இருந்த நாட்டைப் பிறன் கையிலிருந்து பிச்சையாய்ப் பெற்றவனின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அடுத்து அரியணையில் இருந்த மூன்றாம் இராசராசன் சில ஆண்டுகளிலேயே பாண்டியனுக்குப் பணிய மறுத்தான். மீண்டும் போர் மூண்டது. மீண்டும் சோழன் தோற்றான். முதல் மன்னிப்பு போரைத் தள்ளிவைத்ததே அன்றி, முடித்துவைக்கவில்லை. பெருமைக்காகக் கொடுக்கப்படும் மன்னிப்பு, பெற்றவன் நெஞ்சில் கடனாக நின்று வட்டி ஏறும்.

இவ்வாறு நாடிழந்து ஒதுங்கிய இராசராசனை வழிமறித்தவன் வேற்று நாட்டான் அல்லன். சோழர்க்குக் கீழ்ப்பட்ட தலைவர்களாய் நெடுங்காலம் இருந்த காடவர் குடியில் வந்த கோப்பெருஞ்சிங்கனே அவன். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியில் உள்ள தெள்ளாற்றில் போர் நடந்தது. சோழன் சிறைப்பட்டான். வயலூர்க் கல்வெட்டு இச்செய்தியைக் காடவன் வெற்றியாகப் பாடுகிறது. பேரரசன் கொண்டுவைக்கப்பட்ட இடம் சேந்தமங்கலம்; உளுந்தூர்ப்பேட்டையை அடுத்து, 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர். அப்பாண்டைநாதர் எழுந்தருளியிருக்கும் திருநறுங்கொண்டைக் குன்றமும் அதே உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில்தான் உள்ளது. அறவோர் வாழ்ந்த குன்றும் அரசன் அடைபட்ட கோட்டையும் ஒரே வட்டாரத்தில் இருந்தன.

அடுத்து நடந்ததைக் கடலூரை அடுத்த திருவேந்திபுரத்துக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. சோழ மன்னனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது 1231-32-இல் வெட்டப்பட்டது அது. சோழன் சிறைப்பட்ட செய்தி கேட்ட போசள மன்னன் வீர நரசிம்மன், சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்னும் பெயர் பெறாமல் தன் எக்காளம் ஊதப்படாது எனச் சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான். எள்ளேரி, தொழுதகையூர் முதலிய ஊர்கள் அழிக்கப்பட்டன. தில்லைப் பொன்னம்பலத்தில் வழிபட்டபின் படை மேலும் சென்றது. திருப்பாதிரிப்புலியூரில் பாடி இறங்கியது. திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்களும் அழிந்தன. பயிர்கள் எரிந்தன, பெண்டிர் பிடிக்கப்பட்டனர், பொருள் கொள்ளை போயிற்று.

அப்படை பாடி இறங்கிய திருப்பாதிரிப்புலியூர், பண்டு பாடலிபுத்திரம் என்னும் பெயரால் சமணக் கல்வி சிறந்திருந்த ஊர். கி.பி. 458-இல் சர்வநந்தி முனிவர் லோகவிபாகத்தை எழுதி முடித்த இடமாக அறிஞர்கள் குறிப்பது அதனையே. எல்லா உயிர்க்கும் அபயம் ஓதப்பட்ட மண்ணில், ஓர் அரசனை மீட்பதற்காகப் பல நூறு குடிகளின் வாழ்வு குலைக்கப்பட்டது.

சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் படை அணுகிய வேளையில், சோழனை விடுவிப்பதாகக் கோப்பெருஞ்சிங்கன் நரசிம்மனுக்குச் சொல்லியனுப்பினான். நரசிம்மன் இசைந்தான். சோழன் விடுவிக்கப்பட்டுத் தன் நாடு சேர்ந்தான். கலகம் செய்தவனின் தலையும் தப்பியது, தலைநகரும் தப்பியது. அரச நீதி நோக்கில் இஃது அறிவுடைய செயல். முற்றுகை நீண்டிருந்தால் இன்னும் பல்லாயிரவர் மாண்டிருப்பர். ஆயினும் அக்கல்வெட்டில் ஒரு கணக்கு விடுபட்டுள்ளது. மன்னன் மன்னனை விட்டான். மன்னன் மன்னனைப் பொறுத்தான். எரிந்த பயிருக்கு உரியவனிடம் எவரும் பொறை வேண்டவில்லை. தீங்கைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கட்டுக்கு வாயில் என்பது ஜினாகமம். அரண்மனையில் அமர்ந்து ஏவிய சொல்லும், திருவக்கரையில் எரிந்த தீயும் ஒரே வினையின் இரு முனைகள்.

கதை அத்துடன் முடியவில்லை. 1243 முதல் 'சகலபுவன சக்கரவர்த்தி' என்னும் பட்டத்துடன் கோப்பெருஞ்சிங்கன் என்னும் பெயரால் காடவர் ஆட்சி ஓங்கியது. போசளரோடு பகை தொடர்ந்தது. பெரம்பலூரில் நடந்த போரில் கேசவன், அரிகரன் முதலிய போசளத் தண்டநாயகரை வென்ற கோப்பெருஞ்சிங்கன், அவர்தம் பெண்டிரைக் கைப்பற்றினான். பின்னர், அச்செயலின் பாவம் நீங்கக் கழுவாயாக, விருத்தாசலத்துக் கோயில் இறைவனுக்கு மணிகள் பதித்த நெற்றிப்பட்டம் ஒன்றைச் சாத்தினான். அதற்குத் தன் விருதாகிய 'அவனியாளப் பிறந்தான்' என்பதையே பெயராகச் சூட்டினான். 1253-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கோயிற் கல்வெட்டு இதனைப் பதிவு செய்துள்ளது.

பெரும்பாலான அரசர்களின் மெய்க்கீர்த்திகள் எரித்ததையும் கொன்றதையும் புகழாகவே பேசும். அந்த வழக்குக்கு நடுவே, வென்ற மன்னன் ஒருவன் 'இது பாவம்' என்று ஒப்புக்கொண்டு கல்லிலும் பொறிக்கச் செய்தமை எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. தெள்ளாற்றில் வென்ற குடியின் வேந்தன், தன் குற்றத்தைக் குற்றம் என்று பெயரிட்டு அழைத்தான். சமண நெறியும் பிராயச்சித்தத்தின் வகைகளுள் முதலாவதாக ஆலோசனையை, அதாவது செய்த பிழையை மறைக்காமல் எடுத்துரைத்தலையே வைக்கிறது. அடுத்தது பிரதிக்கிரமணம், பிழைக்கு வருந்தி மீளுதல். காடவன் சமணன் அல்லன். ஆயினும் அவன் ஏறியது அந்தப் படியில்தான். முதற்படியோடு நின்றுவிட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டம் இறைவனுக்குச் சென்றது. அப்பெண்டிர்க்கு என்ன நேர்ந்தது, அவர்கள் தம் வீடு திரும்பினரா என்பதைக் கல் பேசவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் சடாவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே வந்தான். காடவன் அனுப்பிய திறையை ஏற்க மறுத்துச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். யானைகளும் குதிரைகளும் பெரும் பொருளும் பாண்டியன் கைப்பட்டன. அதன்பின் நாட்டைக் காடவனிடமே திருப்பி அளித்தான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. சேந்தமங்கலத்தின் மதிலருகே வழங்கப்பட்ட இரண்டாவது மன்னிப்பு இது. 1279 வரையிலும் கோப்பெருஞ்சிங்கன் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. பகைவனை ஒழித்து அவ்விடத்தில் வேறொருவனை நிறுத்துவதினும், பணிந்தவனை அவன் மண்ணிலேயே வாழவிடுதல் நாட்டுக்கு நன்று என்பதற்கு அந்நெடிய ஆட்சியே சான்று.

இவ்வரலாற்றோடு, திண்டிவனம் பகுதிச் சமணரிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு, 1906-இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இடம்பெற்ற ஒரு மரபுக்கதையை ஒப்பிட்டுக் காணலாம். செஞ்சியில் ஆண்ட தலைவன் ஒருவன் சமணர்மேல் சினங்கொண்டு அவர்களைக் கொல்ல ஆணையிட்டான். பலர் ஊர்விட்டு ஓடினர். பலர் நீறு பூசி உயிர் தப்பினர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஓர் உடையார் மறைவாகத் தம் சமயக் கடனை ஆற்றும்போது பிடிபட்டார். அன்று தலைவனுக்கு ஆண்மகவு பிறந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் அவரை விட்டுவிட்டான். உயிர் பிழைத்த உடையார் சிரவணபெளகொளாவுக்குச் சென்று ஆகமங்களைக் கற்றுத் துறவு பூண்டார். தாயனூர்க் காங்கேய உடையார் பிற்காலத்தில் அவரை அழைத்துவர, சிதறிய சமணர் பலர் மீண்டும் தம் நெறிக்குத் திரும்பினர் என்பது அம்மரபு.

அத்தலைவன் அன்று காட்டிய இரக்கம் க்ஷமை ஆகாது. மகவு பிறவாதிருந்தால் உடையாரின் தலை உருண்டிருக்கும். மகிழ்ச்சியில் விடுவதும் வெகுளியில் வெட்டுவதும் ஒரே மனத்தின் இரு அலைகள். ஆனால் அந்த இரக்கத்தைப் பெற்றவர் அதைக்கொண்டு என்ன செய்தார் என்பதே பெருமைக்குரியது. தம் இனத்தாரைக் கொன்றவன்மேல் பழி தீர்க்க அவர் ஆள் திரட்டவில்லை, கற்கச் சென்றார், கற்றதைக் கொண்டு திரும்பினார். கொடுத்தவனிடம் இல்லாத க்ஷமை, பெற்றவரிடம் விளைந்தது.

பெரியோர்களே, க்ஷமாவணி நாளின் வழிபாட்டில் இரு கூறுகள் உள்ளன: எல்லா உயிர்களையும் பொறுத்தல் ஒன்று, எல்லா உயிர்களிடமும் பொறை வேண்டல் மற்றொன்று. மேற்கூறிய மன்னர்கள் முதற்கூற்றை அறிந்திருந்தனர். அதனால் புகழும் பெற்றனர். இரண்டாவதை, அதிலும் தமக்குக் கீழிருந்தோரிடம் பொறை வேண்டுவதை, அவர்களால் செய்ய இயலவில்லை. அரியணையிலிருந்து மன்னித்தல் எளிது. அரியணையை விட்டு இறங்கி மன்னிப்பு வேண்டுதல் அரிது.

இன்று அரியணைகள் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு சேந்தமங்கலம் உண்டு. பாகப்பிரிவினையால் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் உண்டு. வரப்புத் தகராற்றில் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறும் பங்காளிகள் உண்டு. கணக்கில் குறைத்துக் கூலி கொடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளி உண்டு. க்ஷமாவணி வாழ்த்து கைப்பேசியில் ஒரு நொடியில் நூறு பேருக்குச் செல்கிறது. அந்த நூற்றுவரில், உண்மையாகவே தீங்கு இழைக்கப்பட்ட ஒருவரின் பெயர் இருக்கிறதா என்பதே இந்நாளின் கேள்வி.

திருவக்கரை உழவனிடம் எவரும் செல்லவில்லை. எழுநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அக்குறையை எவராலும் தீர்க்க முடியாது. ஆனால் இன்று மாலை பிரதிக்கிரமணம் முடிந்ததும், அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ இருக்கும் ஒரு வீட்டின் வாயிலுக்கு நடந்து செல்லலாம். செல்பவர் வலியவராகவும், அங்கிருப்பவர் எளியவராகவும் இருந்தால், அந்த நடையே உத்தம க்ஷமை.

அறம் வளர்க. ஜெய ஜினேந்திர!