குழாய் உடைந்தால் கூலியில் கழிப்பதா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று நாம் பேச வந்தது லயத்துக் குழாயைப் பற்றி. இதுவும் ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். விடியுமுன் குழாயைத் திருகி, சொட்டுத் தண்ணீரும் வராமல், வெறுங்குடத்தை வைத்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடிய தாய்மார்கள் சிரிக்கமாட்டார்கள்.

நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. லயத்தின் பின்னால் மண்ணுக்குள் கிடந்த பழைய இரும்புக் குழாய் துருவேறி வெடித்தது. நிர்வாகம் ஆள் வைத்துச் சரிசெய்தது. மாதக் கடைசியில் அந்த லயத்து ஆறு குடும்பங்களின் சம்பளத்திலும் தலைக்கு 12 வெள்ளி கழிக்கப்பட்டது. செக்ரோலில் அதை எழுதிய கை எது? கிராணிமார்களாகிய நம் கைதான். மேலிடம் சொன்னது, எழுதினோம்.

சம்பள நாளில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மா கேட்டார்: "துரை பங்களாவில் குழாய் உடைந்தால் துரை சம்பளத்தில் கழிப்பீர்களா, கிராணி ஐயா?" நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவுதான் சட்டத்தை எடுத்துப் படித்தோம்.

1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவதும், வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பதும் தோட்ட முதலாளியின் கடமை என்கிறது அது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவோ, சட்டம் அனுமதித்தவை தவிர வேறெதையும் சம்பளத்தில் கழிக்கக்கூடாது என்கிறது. கிளைச் செயலாளர் இவ்விரண்டையும் எழுதிக் கொடுத்தார். மறுமாதம் பணம் திரும்பி வந்தது.

தோழர்களே, நியாயம் இருபக்கமும் உண்டு. துருப்பிடித்த குழாய், தேய்ந்துபோன வாஷர், அடைத்துக்கொண்ட பழங்கால்வாய் ஆகியவை காலத்தின் தேய்மானம். அந்தச் செலவு வீட்டுக்காரருடையது. நம் பிள்ளை கல்லால் அடித்து உடைத்த குழாய்க்கு நாம்தான் பொறுப்பு. அதை மறைத்தால், அடுத்த முறை நம் உண்மையும் எடுபடாது.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் வாடகைக்கு இருப்போர்க்கும் ஒரு சொல். அங்கே பெரும்பாலும் பேசுவது ஒப்பந்தத் தாள். எந்தப் பழுது யார் செலவு என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

நமக்கு மூன்று காரியங்கள் உண்டு. குழாய் ஒழுகினால் அன்றே ஆபீசில் எழுதிக் கொடுப்போம். தேதியிட்ட நகல் ஒன்றை வீட்டில் வைப்போம். நடவடிக்கை இல்லையேல் கிளைக்கும், பிறகு தொழிலாளர் இலாகாவுக்கும் போவோம்.

கிராணித் தோழர்களுக்கு இறுதியாக ஒன்று. பேனா நம் கையில் இருக்கிறது. சட்டம் அனுமதிக்காத கழிவை எழுதச் சொன்னால், எழுதுமுன் "எந்தச் சட்டப்படி?" என்று கேட்போம். அந்த அம்மாவின் கேள்விக்கு நாம் சொல்லவேண்டிய பதில் அதுவே.