ஒரே உயிருக்கு இரண்டு பெயர்கள்



பைரோடினியம் பஹாமென்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர். 1906-இல் பிளேட் என்பவர் அதற்குப் பெயரிட்டார். அது விதையைப் போலக் கடினமான உறைக்குள் சேற்றில் உறங்கும். மக்காத அவ்வுறை நாளடைவில் புதைபடிவமாகும்.

இஸ்ரேலின் பழம்படிவுகளில் கிடைத்த ஓர் உருண்டை உறையை, அதன் குழாய் முட்களைக் கொண்டு, 1962-இல் ரொசிஞோல் அம்மையார் 'சோஹாரி' என்னும் தனி இனமாக வகைப்படுத்தினார். இரண்டும் ஒன்றே என்று வால், டேல் ஆகியோர் 1969-இல் காட்டினர்.

இதனால் நமக்கென்ன? உறை உறங்கும் சேற்றை அறிந்தால் ஆபத்தையும் அறியலாம். 1976-இல் சபாவில் இவ்வுயிர் பெருகியது. நஞ்சேறிய சிப்பி உண்டோர் சிலர் மாண்டனர். சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. ஜொகூரில் வாழும் நாமும், மீன்வள இலாகா எச்சரித்தால் கெராங், சிப்பி வாங்குவதை நிறுத்துவோம்.