நச்சு நிரலைப் பிரித்துப் பார்ப்பவர்கள்



விருந்து வீட்டில் குழம்பை ஒரு வாய் வைத்ததுமே, "சோம்பு கொஞ்சம் தூக்கல், கசகசாவும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடும் பாட்டிமார்கள் நம் லயங்களில் உண்டு. அரைத்தவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அம்மியில் அரைபட்ட சோம்பைத் தனியே பொறுக்கி எடுக்கவும் முடியாது. இருந்தும் நாக்குப் பழக்கத்தால் அவர்கள் கண்டுகொள்கிறார்கள். கணினித் துறையிலும் இதைப் போன்ற வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம்.

கணினியும் கைப்பேசியும் மனிதர் எழுதிக் கொடுத்த கட்டளைகளின்படியே நடக்கின்றன. அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர். எழுதும்போது அது மனிதர் படிக்கக்கூடிய வடிவத்தில்தான் இருக்கும். பிறகு இயந்திரத்துக்கு விளங்கும் வெறும் எண்களாக மாற்றப்படுகிறது. அப்போது எழுதியவர் இட்ட குறிப்புகளும் பெயர்களில் பலவும் மறைந்து போகின்றன. நம் கைக்கு வந்து சேருவது இந்த எண் குவியல்தான். அரைத்த மசாலா என்று வைத்துக்கொள்வோமே!

இந்தக் குவியலைப் பின்னோக்கிப் பிரித்து, உள்ளே என்ன கட்டளை இருக்கிறது என்று அறிவதை ரிவர்ஸ் என்ஜினியரிங் என்கிறார்கள். தீங்கு செய்யும் நிரலை ஆராய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதை ஓடவிடாமலே வரிவரியாகப் படிப்பது. மற்றொன்று, மற்றக் கணினிகளோடு தொடர்பில்லாமல் தனியே வைத்த கணினியில் அதை ஓடவிட்டு, எந்தக் கோப்பைத் தொடுகிறது, யாரோடு பேச முயல்கிறது என்று கவனிப்பது. நோய் கண்ட கோழியைத் தனிக்கூண்டில் போட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

இதன் பயனை உலகம் கண்கூடாகக் கண்டது 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள். 'வன்னாக்ரை' என்ற நச்சு நிரல் அன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடுத்தால் திறப்போம்" என்று திரையில் மிரட்டியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கின. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சில இடங்களில் ஆம்புலன்ஸ் வண்டிகளை வேறு மருத்துவமனைகளுக்கு விட்டார்கள். இந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அன்று மார்க்கஸ் ஹச்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கில இளைஞர் அந்த நிரலை ஆராய்ந்தார். பொருளில்லாத எழுத்துகளால் ஆன நீண்ட இணைய முகவரி ஒன்றோடு அது தொடர்புகொள்ள முயல்வதைக் கண்டார். அந்த முகவரி யார் பெயரிலும் இல்லை. ஏறத்தாழ 11 டாலர் செலவில் அதைத் தம் பெயரில் பதிந்துகொண்டார். எத்தனை கணினிகள் பாதிக்கப்பட்டன என்று கணக்கெடுப்பதே அவர் நோக்கம். ஆனால் நிரலுக்குள் எழுதியிருந்தது வேறு: அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் வேலையை நிறுத்து, வராவிட்டால் பூட்டு, பரவு. பதில் வரத் தொடங்கியதும் பரவல் அடங்கிற்று. ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகளுக்கு மட்டும் இதனால் விமோசனம் கிடைக்கவில்லை.

இதே இளைஞர் முன்பு வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரலை எழுதியவர் என்பதும், 2019இல் நீதிமன்றத்தில் அக்குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதும் வேறு கதை. பூட்டைத் திறக்கத் தெரிந்த கை இரு பக்கமும் போகும் போலிருக்கிறது!

நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. வன்னாக்ரையைப் படித்த ஆய்வாளர்கள், பணம் கட்டியவர் யார் என்று சரியாகப் பிரித்தறியும் ஏற்பாடு அதில் இல்லை என்று கண்டார்கள். திரை ஒன்று சொன்னது. உள்ளே இருந்த கட்டளை வேறொன்று. பணம் கட்டாதீர்கள் என்று வல்லுநர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது நம் வீட்டுக் கைப்பேசிக்கும் பொருந்தும். மலேசியாவில் திருமண அழைப்பிதழ் என்றும், மலிவு விலைப் பொருள் என்றும் வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' கோப்புகள் வருகின்றன. ஏபிகே என்பது படமன்று, கடிதமன்று. அது ஒரு நிரல். இப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் படித்தவர்கள் உள்ளே கண்டது, குறுஞ்செய்திகளைப் படித்து வேறிடத்துக்கு அனுப்பும் கட்டளை. வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்பினால், அது அந்த வழியாகத் திருடன் கைக்குப் போய்விடும். பால் வெட்டிச் சேர்த்த பணம் ஓர் இரவில் போய்விடும்.

கல்யாணப் பத்திரிகைக்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எதற்கு? அப்படிக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அனுப்பியவர் சொந்தக்கார மாமாவாகவே இருந்தாலும், அவருக்கு நேரில் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். அவர் கைப்பேசியே திருடன் வசம் போயிருக்கக்கூடும். தவறித் திறந்து பணம் போயிருந்தால், கைப்பேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியையோ 997 என்ற எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.