ஜார் ஆட்சி என்றால் என்ன?



மட்டாஞ்சேரியில் பழைய அரண்மனை ஒன்று இருக்கிறது. அதை டச்சு அரண்மனை என்று சொல்கிறார்கள். ஆனால், டச்சுக்காரர்கள் அதைக் கட்டவில்லை. 1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகீசியர்கள் கட்டினார்கள். கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1663-இல் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் அரண்மனையைப் பழுது பார்த்தார்கள். டச்சு என்ற பெயர் ஒட்டிக் கொண்டது.

பார்த்தீர்களா? ஒரு பெயருக்கு முன்னால் ஒரு சொல் நிற்கிறது. அது என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் உண்மை தெரிகிறது.

"ஜார் ஆட்சி" என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். "இது என்ன ஜார் ஆட்சியா?" என்று மேடையில் கேட்பார்கள். இந்த ஜார், வீட்டில் உள்ள மிக்சி ஜார் அல்ல. மலையாளத்தில் இதைச் "சார்" என்று எழுதுவது உண்டு. அது பள்ளிக்கூடத்துச் சாரும் அல்ல.

ஜார் என்பது ருஷ்ய நாட்டு அரசரின் பட்டம். ரோமாபுரிச் சீசரின் பெயரிலிருந்து வந்தது. 1547-இல் நான்காம் இவான் ஜாராக முடி சூடினார். கடைசி ஜார் இரண்டாம் நிக்கலஸ். 1917-இல் புரட்சி வந்தது. அவர் பதவி இழந்தார். அதைப் பாரதியார் தமிழில் பாடினார்.

அந்த ஆட்சி எப்படி இருந்தது? ஜார் சொன்னதே சட்டம். மக்கள் தேர்ந்தெடுத்த சபை 1906 வரை இல்லை. 1897-இல் அங்கே நூற்றுக்கு 21 பேருக்குத்தான் படிக்கத் தெரியும். 1905 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. தொழிலாளர்கள் மனு எழுதிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

மட்டாஞ்சேரியிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது உண்டு. அன்று துறைமுகத்தில் சாப்பா முறை இருந்தது. சாப்பா என்பது உலோக வில்லை. அதைக் கூட்டத்தில் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவருக்கே அன்று வேலை. மற்றவர் வீட்டில் உலை கொதிக்காது. அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15-இல் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் மூவர் உயிர் இழந்தார்கள்.

அதை ஜார் ஆட்சி என்று சொல்லலாமா? கோபத்தில், உவமையாகச் சொல்லலாம். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. ஜாரை ஓட்டுப் போட்டு மாற்ற வழியில்லை. இங்கே 1954-இல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். வேறு அரசு வந்தது.

ஆகவே, அந்தச் சொல்லை யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஆள்பவர் யார்? மக்கள் சொல்வதைக் கேட்கிறாரா? அவரை மாற்ற மக்களால் முடியுமா?

பெரிய சொல்லுக்குத் தலையாட்ட வேண்டாம். பொருள் கேளுங்கள். எழுத்துப் படித்தவருக்கு அந்த உரிமை உண்டு. படிக்காதவருக்கும் உண்டு.