வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும்



"வர்த்தக சங்கம்னா வருஷாவருஷம் காலண்டர் அடிக்கிற சங்கம்தானே அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டார். திருப்பூரை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பனியன் துணிக்குச் சாயமேற்றத் தண்ணீர் வேண்டும். ஊரில் போதவில்லை, லாரியில் வாங்கினார்கள். எவ்வளவு பெரிய முதலாளியானாலும் தனியாளாக ஆற்றிலிருந்து குழாய் போட முடியுமா? 1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அரசோடு கைகோத்தது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டம் உருவானது. பட்டறைகளுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் அதில் பங்கு உண்டு. சங்கம் என்றால் இதுதான்.

ஆனால் வரும் தண்ணீருக்குப் பட்ட கவலையை, போகும் தண்ணீருக்கு யாரும் அந்த அளவு படவில்லை. சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலாளியோடு தொழிலாளியும் வீட்டில் உட்கார்ந்தார். மீண்டும் பிழைக்க வைத்ததும் கூட்டு முயற்சிதான்: சிறு பட்டறைகள் பங்கு போட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்.

தம்பிகளே, தங்கைகளே! நாளை சொந்த ஊரில் ஒரு சின்னப் பட்டறை போட்டாலும் சங்கத்தில் சேருங்கள். வரிச்சலுகை, கரண்ட் பற்றியெல்லாம் பேசுவார்கள், பேசட்டும். "நம்ம கழிவு யார் காட்டுக்குப் போகுது?" என்று நீங்கள் எழுந்து கேளுங்கள். இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வி அது.