எழுதுகிற கைக்குப் பின்னால்

(ஒடுகத்தூரில் உழைப்பாளி வாசகர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆட்டுச் சந்தை முடிந்த கையோடு மலைக்குத் திரும்பாமல் இருந்தவர்களும், தோல் ஷாப்பிலும் பூட்ஸ் கம்பெனியிலும் ஷிப்டு முடித்து பஸ் ஏறி வந்தவர்களும், கழனியிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். "கதை எழுதுவது சோற்றுக் கவலை இல்லாதவன் வேலை, நமக்கும் அதற்கும் என்ன?" என்று உங்களில் ஒருவர் சற்று முன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நாம் எழுந்திருக்கிறோம்.

தமிழ்ச் சிறுகதையில் புதுமைப்பித்தனுக்கு நிகர் யார்? விருத்தாசலம் என்ற அந்த மனிதர் சோற்றுக் கவலை இல்லாதவரா? பத்திரிகை ஆபீஸ்களில் உழைத்தார். போதாத வருமானத்தை ஈடுகட்டச் சினிமாவுக்கு எழுதப் போனார். புனாவில் 'ராஜமுக்தி' படவேலையில் இருந்தபோது சயரோகம் முற்றியது. 1948-ல் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். வயது 42. மனைவி கமலாவையும் சின்னஞ்சிறு மகளையும் விட்டுப் போனார். சயரோகத்தை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 1943-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் 1948-ல் நம் நாட்டில் அது கடல் கடந்து வரவேண்டிய, விலை மிகுந்த மருந்து. 2002-ல் அரசாங்கம் அவருடைய எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது. நாட்டுக்கு உடைமையானவரின் உடம்பை அன்று காக்க முடியவில்லையே!

அதன்பின் நம் மாநிலத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. 1956-ல் சென்னையில் சயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவை சானடோரியத்தில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தார்கள். மறு பிரிவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள்! வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் உலகம் முழுவதும் மாறியது. மருந்து தவறாமல் போக வேண்டும், அதுதான் முக்கியம்.

மீண்டு எழுந்த உடம்பு என்ன செய்யும்? கி. ராஜநாராயணனைப் பாருங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்துச் சம்சாரி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இளமையிலேயே சயரோகம் பிடித்தது. மீண்டார். விவசாயிகள் போராட்டத்தில் நின்று சிறை சென்றார். முப்பது வயதைத் தாண்டியபின்தான் கதை எழுத வந்தார். 1976-ல் 'கோபல்ல கிராமம்'. கரிசல் காட்டு மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி அகராதியே செய்தார். 1991-ல் சாகித்ய அகாடமி பரிசு. ஏர் பிடித்தவர் பேச்சை ஏட்டில் ஏற்றிவிட்டு, 97 வயதைத் தாண்டி 2021-ல் மறைந்தார். சயரோகம் அந்த உடம்பை அன்றே கொண்டுபோயிருந்தால், அத்தனை சொற்களும் அதனோடு போயிருக்கும்.

ஆனால் தோழர்களே, வீட்டில் இருந்து குணமாகலாம் என்று சொல்லிவிட்டோமே, அந்த வீட்டை நடத்துவது யார்? எழுதுகிறவர் எழுதும்போது அடுப்பு எரிப்பது யார்? புதுமைப்பித்தனின் மனைவி கமலாவும் கதை எழுதியவர்தான். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். குடும்ப வேலைகளுக்கு நடுவேதான் எழுதினார். உப்பளத் தொழிலாளிகளிடம் நேரில் போய் 'கரிப்பு மணிகள்' எழுதினார். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைத் தேடி எழுதினார். அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் காலம் கழித்து, 2014-ல் மறைந்தார். எல்லோருக்கும் ஆதரவாக எழுதிய கைக்கு ஆதரவு தேவைப்பட்டது.

நம் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். நமக்கும் அந்த நோய் வந்தது. வேலை போய்விடும், குழந்தையை அண்டவிட மாட்டார்கள் என்று பயந்து, மாதக் கணக்கில் இருமலை மறைத்தோம். கண்டுபிடித்தது மனைவி. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதும் அவள்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது. "குணமாகி விட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்றோம். அவள் வாதாடவில்லை. அடுப்புக் கரியை எடுத்தாள். மாத்திரை விழுங்கும் ஒவ்வொரு நாளும் சுவரில் ஒரு கோடு கிழித்தாள். பகலெல்லாம் ஊதுவத்தி உருட்டி, அந்தக் காசில் அரிசியும் முட்டையும் வாங்கினாள். ஆறு மாதம். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் நம் முதல் கதையை எழுதினோம். அச்சில் வந்தபோது நம் பெயர் மட்டும் இருந்தது. கோடு கிழித்தவள் பெயர் இல்லை.

ஆகவே சொல்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கினார்கள். கேட்டு வாங்குங்கள். அது பிச்சை அல்ல, உரிமை.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, வழியும் வேண்டும். 2023 மே மாதம் நம் பக்கத்து அல்லேரி மலையில், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, ரோடில்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேராமல் இறந்ததை மறக்க முடியுமா? எழுத்து, வைத்தியம், ரோடு மூன்றையும் தனித்தனிக் காரியங்கள் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி கேட்ட தோழரே! எழுத்து சோற்றுக் கவலை இல்லாதவன் வேலை அல்ல. சோறு ஆக்கியவர், மருந்து கண்டவர், மருந்தைக் கொண்டுவந்து கொடுத்த நர்ஸம்மா, இத்தனை பேர் உழைப்பும் சேர்ந்துதான் ஒரு கதை. உங்களிடமும் கதை இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போய் எழுத உட்காருங்கள். அதற்கு முன்னால், அடுக்களையில் கிடக்கும் பாத்திரத்தை நீங்கள் கழுவி வையுங்கள். உங்கள் வீட்டு அம்மாவிடமும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். கரிக்கோடு கிழித்த கை, கதையும் எழுதட்டும்!