பலாமரமும் தாத்தாவும்

(சிதம்பரத்தில் தமிழாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



அணி இலக்கணம் நம் மாணவர்களுக்கு எளிதில் மதிப்பெண் பெற்றுத் தரும் பகுதி. உவம உருபு வெளிப்படையாக வந்தால் உவமையணி, மறைந்து வந்தால் எடுத்துக்காட்டு உவமையணி. 'மலர்முகம்' உவமைத்தொகை, 'முகமலர்' உருவகம் என்று தவறாமல் எழுதிவிடுகிறார்கள். ஆனால், 'கவிஞர் ஏன் இதனை அதனோடு ஒப்பிட்டார்?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதிக்கு நானும் ஒரு காரணம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பள்ளி திறந்ததும் புயலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'எங்கள் பலாமரம் தாத்தாவைப் போல விழுந்து கிடந்தது' என்று எழுதியிருந்தாள். 'உவமை பொருந்தவில்லை' எனச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது: அந்த மரத்தை நட்டவர் தாத்தா. அவர் மறைந்த பின், அம்மரத்தின் காய் விற்ற பணத்தில்தான் அவள் படித்து வந்தாள்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று தனி இயலே வகுத்தார். உவமைக்கு அடிப்படை வினை, பயன், மெய், உரு என நான்கு என்றார். நான் மெய்யை, அதாவது வடிவத்தை மட்டுமே தேடினேன். அவளோ பயனைச் சொல்லியிருந்தாள். உவமை பிறக்கும் நிலைக்களங்களுள் காதலையும் தொல்காப்பியர் வைத்திருக்கிறார். அவளுடைய உவமை பிறந்த இடமும் அதுதான்.

எனவே ஒரு வேண்டுகோள். அணியின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்த நான்கையும் கேளுங்கள். செயல் ஒத்ததா? பயனா? வடிவமா? நிறமா? எடுத்துக்காட்டுகளை நம் ஊரிலிருந்தே எடுங்கள். பிச்சாவரத்தில் சுரபுன்னை மரங்கள் சேற்றில் வேரூன்றி நிற்பது இயல்பு. 'ஊரைக் காக்கவே கால் ஊன்றி நிற்கின்றன' என்று ஒரு மாணவர் எழுதினால், இயல்பான நிகழ்ச்சியின்மேல் தம் குறிப்பை ஏற்றிவிட்டார். தற்குறிப்பேற்ற அணி அங்கேயே விளங்கிவிடும்.

மறுநாள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டேன். 'பொருந்தவில்லை' என்று எழுதும் முன் 'எப்படி?' என்று ஒருமுறை கேட்போம்.